விளையாடும் பிள்ளைகளின் உடல் நலமும் ஊராரின் கடமையும்

(உடற்கல்வி ஆசிரியர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், இளைஞர் மன்றத்தார், பெற்றோர் ஆகியோர் முன் ஆற்றிய உரை)



கிராம முன்னேற்றம் என்றதும் சாலையும் குடிநீரும் பள்ளிக் கட்டடமும் பாசனமும் நம் நினைவிற்கு வருகின்றன. இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், இவற்றைக் கொண்டு நாளை ஊரை நடத்த இருப்பவர்கள் இன்றைய பிள்ளைகளே. அவர்களுடைய உடல் உரத்தைப் பேணுவதும் ஊர்ப்பணிகளுள் ஒன்றாகும். ஆகவே, விளையாடும் பிள்ளைகளுக்கு நேரும் காயங்களைப் பற்றியும், அவற்றைக் குறைக்கும் வழிகளைப் பற்றியும் இன்று சில கருத்துகளை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் மாநில விளையாட்டாகிய கபடியையே எடுத்துக்கொள்வோம். 1990-ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அது பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. 2010-ஆம் ஆண்டில் குவாங்சோ நகரில் மகளிர் கபடியும் சேர்க்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கும் கருவி ஏதும் வேண்டாத இவ்விளையாட்டு, ஏழை வீட்டுப் பிள்ளையும் பள்ளி, மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக உயர்வதற்கு வழி செய்திருக்கிறது. விளையாட்டுத் திறத்தால் கல்லூரியில் இடமும், பின்னர் அரசுப் பணியும் பெற்ற இளைஞர்களை நாம் அறிவோம்.

அத்தகைய பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு களத்தில் வீழ்ந்தால், இழப்பது அன்றைய ஆட்டத்தோடு முடிவதில்லை. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தந்தைக்குக் கூலி நாட்கள் போகின்றன. பிள்ளைக்குப் பள்ளி நாட்கள் போகின்றன. காயமுற்றது பெண் பிள்ளையாயின், “விளையாடியது போதும்” என்று வீட்டார் கூறிவிடுகின்றனர். அச்சொல்லுக்கு மேல்முறையீடு இருப்பதில்லை. ஆகவே, ஒரு காயத்தைத் தடுத்தோமானால் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே காத்தவராவோம்.

காயம் நேரும் வகை

“போதாத காலம்” என்றும், “கண்பட்டுவிட்டது” என்றும் கூறி ஆறுதல் அடைவது நம்மிடையே வழக்கம். விளையாட்டில் மோதல் உண்டு. எதிர்பாராத வீழ்ச்சியும் உண்டு. காயங்களை முற்றிலும் ஒழித்துவிட எவராலும் இயலாது. எனினும், அவற்றுள் பலவற்றிற்குக் காரணம் காணலாம். காரணம் கண்டவற்றைக் குறைக்கவும் கூடும்.

தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிணைத்து நிற்கும் நார்கள் உள்ளன. ஊரில் இவற்றை ‘ஜவ்வு’ என்கிறோம். அவற்றுள் முன்புறக் குறுக்கு நார் மிக முக்கியமானது. ஓடி வந்து சட்டென நிற்கும்போதும், ஊன்றிய காலின்மேல் உடலைத் திருப்பும்போதும், துள்ளி ஒற்றைக் காலில் இறங்கும்போதும் அது அறுபடக் கூடும். எதிராளி எவரும் முழங்காலில் மோதாமலேயே இவ்வாறு நேர்வதும் மிகுதி. கால் தரையைத் தொடும் நொடியில் முழங்கால் உட்புறமாகச் சாய்வதும், மடங்காமல் விறைத்து நிற்பதும், உடல் ஒருபுறமாகச் சரிவதும் அந்நாருக்குப் பெருஞ்சுமையைத் தருகின்றன.

பருவமெய்திய பெண்களுக்கு, அதே விளையாட்டை ஆடும் ஆண்களைவிட இக்காயம் சில மடங்கு மிகுதியாக நேர்கிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. இதனைக் காட்டிப் பெண்களைக் களத்தினின்று விலக்குதல் பொருந்தாது. கால் ஊன்றி இறங்கும் முறையைப் பயிற்சியால் திருத்த முடியும். ஆதலின், பெண் பிள்ளைகளுக்கு அப்பயிற்சியைத் தவறாது அளிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடமாகும்.

உரமும் செம்மையும்

உடலின் உரம் என்பது ஒன்று. அசைவின் செம்மை என்பது மற்றொன்று. எவ்வளவு தூரம் ஓடுகிறான், எத்தனை தண்டால் எடுக்கிறான் என்பவை உரத்தைக் காட்டும். அவற்றை எவ்வாறு செய்கிறான் என்பது செம்மையைக் காட்டும். ஐம்பது பஸ்கி எடுக்கும் சிறுவன் ஒவ்வொரு முறையும் முழங்கால்களை உள்நோக்கிச் சாய்ப்பானாயின், அவனுக்கு உரம் இருந்தும் செம்மை இல்லை. ஆட்டத் தொடக்கத்தில் அழகாகக் கால் ஊன்றும் சிறுமி, பிற்பாதியில் களைத்து நிலை தடுமாறுவாளாயின், அவளுக்குச் செம்மை இருந்தும் உரம் போதவில்லை. வண்டி ஓடுவதற்கு மாட்டின் வலிமையும் வேண்டும். சக்கரம் நேராக நிற்பதும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பாரம் ஊர் போய்ச் சேராது.

சோதனைகள் கூறுவதும் கூறாததும்

பிள்ளைகளின் அசைவைச் சோதித்து மதிப்பெண் இடும் முறைகள் பல இன்று வழக்கில் உள்ளன. அமெரிக்க நாட்டில் 1990-களில் கிரே குக், லீ பர்ட்டன் என்போர் வகுத்த முறை அவற்றுள் புகழ் பெற்றது. கைகளை உயர்த்தியவாறு ஆழக் குந்துதல், தடையைத் தாண்டி அடியெடுத்து வைத்தல், மல்லாந்து படுத்து முழங்கால் மடங்காமல் ஒரு காலை உயர்த்துதல் முதலிய ஏழு அசைவுகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் மூன்று மதிப்பெண். ஆக மொத்தம் 21. அமெரிக்கக் கால்பந்து ஆடும் தொழில்முறை வீரர்களிடம் செய்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 14-ம் அதற்குக் குறைவாகவும் பெற்றவர்கள் மிகுதியாகக் காயமுற்றனர் எனக் கண்டனர்.

இதனைப் போன்றே, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மறுகாலை எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என அளக்கும் சோதனையும் உண்டு. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடும் உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் 235 பேரை அளந்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முன்னோக்கி நீட்டும்போது வலக்காலுக்கும் இடக்காலுக்கும் 4 செ.மீ.-க்கு மேல் வேறுபாடு கொண்டவர்கள் காலில் காயமுறும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டரை மடங்கு இருந்தது.

இவற்றைக் கேட்டவுடன், “இச்சோதனையை வைத்து மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை அணியிலிருந்து நீக்கிவிடலாமே!” என்று ஒருவர் எண்ணக் கூடும். அங்குதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். 14 என்ற எல்லைக்கோடு பின்னர் நடந்த பல ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. காயத்தை முன்கூட்டி அறிவிக்கும் சோதனை எதுவும் தனி ஒருவரளவில் பயன்படவில்லை என்றும், இனியும் பயன்படுவது அரிது என்றும் நார்வே நாட்டு விளையாட்டு மருத்துவ அறிஞர் ரோல்ட் பார் 2016-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். நூறு பிள்ளைகளைச் சோதித்ததாக வைத்துக்கொள்வோம். 20 பேர் குறைந்த மதிப்பெண் பெறுகின்றனர். அவர்களில் நால்வருக்கு ஒருவர் வீதம் 5 பேர் காயமுறுகின்றனர். எஞ்சிய 80 பேர் நல்ல மதிப்பெண் பெறுகின்றனர். அவர்களில் எண்மருக்கு ஒருவர் வீதம் 10 பேர் காயமுறுகின்றனர். குறைந்த மதிப்பெண் பெற்றோர்க்கு ஆபத்து இரு மடங்கு என்பது உண்மையே. ஆயினும், காயமுற்ற 15 பேரில் 10 பேர் தேர்ச்சி பெற்றவர்களிடமிருந்தே வந்துள்ளனர். நீக்கப்பட்ட 20 பேரிலோ 15 பேருக்குக் காயம் நேர இருந்ததே இல்லை. அவர்களை வீணே வெளியேற்றியதும், தேறியவர்களைக் காவாமல் விட்டதுமே நாம் கண்ட பயனாக முடியும்.

ஆகவே, சோதனையைப் பிள்ளைகளைக் கழிக்கும் சல்லடையாகக் கொள்ளலாகாது. எதனைக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியருக்கு அறிவிக்கும் கைகாட்டியாகவே கொள்ள வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு சுண்ணக் கோடும் ஓர் அளவு நாடாவும் போதும். பிள்ளைகளைக் குந்தச் செய்தும், ஒற்றைக் காலில் நிற்கச் செய்தும், ஒரு படியிலிருந்து குதிக்கச் செய்தும் கவனியுங்கள். முழங்கால் பாதத்திற்கு நேராக நிற்கிறதா? குதிகால் தரையில் படிகிறதா? இறங்கும் ஒலி மெல்லியதா, ‘தொம்’ என்று கேட்கிறதா? கண்ணும் காதும் உள்ள ஆசிரியருக்கு இவை போதும்.

பயன் தந்த பயிற்சி

சிலரைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட எல்லோருக்கும் கற்பிப்பதே சிறந்த வழி என்பதற்குச் சான்றுகள் உள்ளன. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம், ஆஸ்லோ நகர அறிஞர்கள் முதலியோரோடு சேர்ந்து 2006-ஆம் ஆண்டில் 15 பயிற்சிகள் கொண்ட ஒரு திட்டத்தை வகுத்தது. ஆட்டப் பயிற்சிக்கு முன் உடலைச் சூடேற்றும் நேரத்திலேயே செய்யத்தக்க அத்திட்டம் 20 நிமிடத்தில் முடிவது. நார்வே நாட்டில் 125 கால்பந்துக் கழகங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயது வரையிலான பெண்களிடம் இதனைச் சோதித்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. தவறாமல் செய்தவர்கள் மிகுந்த பயன் பெற்றனர். விட்டு விட்டுச் செய்தவர்கள் குறைந்த பயனே பெற்றனர்.

பின்னர், 7 முதல் 13 வயதுச் சிறார்க்கென்று தனியாக ஒரு திட்டம் வகுத்தனர். விழும் முறையையும் அதில் கற்பித்தனர். செக், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ நாலாயிரம் சிறாரிடம் நடத்திய சோதனையில் காயங்கள் பாதியளவு குறைந்தன எனக் கண்டு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் கண்டவை இவை. எனினும், ஓடுதல், நிற்றல், திரும்புதல், இறங்குதல், விழுதல் ஆகியவை கபடிக்கும் உரியனவாதலின், இப்பயிற்சி முறையை நம் களத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்வது அறிவுடைமையாகும்.

அதனைப் பின்வருமாறு அமைக்கலாம். முதல் எட்டு நிமிடம்: மெல்லோட்டம், பக்கவாட்டில் ஓடுதல், முழங்காலை உயர்த்தி வெளிப்புறமும் உட்புறமும் திருப்புதல், முன்னும் பின்னும் விரைந்து அடி வைத்தல். அடுத்த பத்து நிமிடம்: முழங்கால் பாதத்திற்கு நேராக நிற்குமாறு மெதுவாகப் பஸ்கி எடுத்தல், முழங்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துதல், ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்றல், துள்ளி எழுந்து ஓசையின்றி இறங்குதல். மண்டியிட்டு நிற்பவரின் கணுக்கால்களைத் தோழர் ஒருவர் பிடித்துக்கொள்ள, அவர் முன்புறமாக மெல்ல மெல்லச் சாயும் பயிற்சியையும் இதில் சேர்க்க வேண்டும். தொடையின் பின்புறத் தசைக்கு அது மிக்க உறுதி தரும். அத்தசையில் நேரும் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் எனப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். இறுதி இரண்டு நிமிடம்: விரைந்து ஓடுதலும், காலை ஊன்றித் திசை மாறுதலும். வாரத்தில் இரண்டு மூன்று முறையேனும் இதனைச் செய்தல் வேண்டும்.

இவை நமக்குப் புதியனவும் அல்ல. நம் சிறுவர் சிறுமியர் ஆடிய நொண்டியும் பாண்டியும் ஒற்றைக் காலில் துள்ளி, கோட்டை மிதிக்காமல் நிலைத்து நிற்கும் ஆட்டங்களே. கிளித்தட்டு, ஓடும்போதே நின்று திசை மாறக் கற்பிக்கிறது. சிலம்பம் அடி வைக்கும் முறையைக் கற்பிக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் இவ்விளையாட்டுகளுக்கு மீண்டும் இடம் அளிப்போமானால், பிள்ளைகள் கபடிக் களத்திற்கு வரும் முன்னரே உடலை ஆளக் கற்றிருப்பர்.

வளரும் பருவமும் ஓய்வும்

பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் மிக விரைந்து உயர்கின்றனர். அக்காலத்தில் எலும்பு முதலில் நீள்கிறது. தசையின் உரம் பின்னரே வந்து சேர்கிறது. நேற்று வரை செம்மையாக ஓடிய பிள்ளை இன்று தடுமாறுவது இதனாலேயாம். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து நோவதும் இப்பருவத்தில் நேர்கிறது. எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சிப் பகுதி மென்மையானது. இதனை அறியாமல், “சோம்பேறி” என்று கடிந்து மேலும் ஓடச் செய்தல் தகாது. வலி உள்ள மட்டும் ஓட்டத்தையும் துள்ளலையும் குறைத்தல் வேண்டும்.

பொங்கல் வந்தால் பல ஊர்களில் இரவு முழுவதும் விளக்கொளியில் கபடிப் போட்டிகள் நடைபெறுகின்றன. அது போற்றத்தக்க வழக்கமே. ஆயினும், மாதக்கணக்கில் களத்தை மிதிக்காத பிள்ளை, பண்டிகை நாளில் நான்கைந்து ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடுவது உடலுக்கு ஒவ்வாது. ஆறு வாரங்களுக்கு முன்னரே பயிற்சியைத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி வருதல் நன்று. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும் என்றும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமேனும், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாகிலும், ஒரே விளையாட்டினின்று பிள்ளைகளுக்கு விடுப்பு அளிக்க வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தார் 2016-ஆம் ஆண்டில் அறிவுறுத்தினர். ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதைப் பெற்றோரும் பயிற்சியாளரும் மனங்கொள்ள வேண்டும்.

காயம் நேர்ந்தபின்

முழங்கால் திருகியவுடன் எண்ணெய் இட்டு நீவுவதும், சுளுக்கு எடுப்பதாக இழுப்பதும் நம் ஊர்களில் இன்றும் உண்டு. உள்ளே நார் அறுந்திருக்கையில் இவை தீங்கு விளைக்கும். ‘டப்’ என்ற ஓசையோடு முழங்கால் பிசகி, சில மணி நேரத்திற்குள் வீங்குமாயின், நார் அறுந்திருக்கக் கூடும் என்று கருதி எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் முறை. அதுவரை ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்தல் நலம்.

வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என எண்ணிக் களத்தில் இறங்குவது பெருந்தீங்கு. நார் அறுந்த முழங்கால் மீண்டும் மீண்டும் நழுவும். அப்போது மூட்டினுள் மெத்தைபோல் அமைந்துள்ள குருத்தெலும்பும் கிழியும். அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்கள் திரும்பி ஆடுவதற்கு 9 மாதமேனும் காத்திருத்தல் வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, வாந்தி எடுத்தாலோ, அப்பிள்ளையை அன்று மீண்டும் ஆட விடலாகாது. கழுத்தில் வலி இருந்தால் தூக்கி நிறுத்தாமல், 108 எண்ணை அழைத்து, ஊர்தி வரும் வரை அசையாமல் காக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

இப்பணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஊராட்சி மன்றத்தார் களத்தைப் பேணுவாராக. கல்லும் முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி, மண்ணைக் கொத்திச் சமன் செய்து, ஆடுமுன் நீர் தெளித்து இறுகச் செய்தல் பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. மெத்தை விரித்து ஆடும் இடங்களில் இணைப்புகளுக்கிடையே கால் சிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இளைஞர் மன்றத்தார் முதலுதவிப் பெட்டி ஒன்றைக் களத்தருகே வைத்திருப்பாராக. 20 நிமிடப் பயிற்சி செய்யாத அணியைப் போட்டியில் இறக்குவதில்லை என்றும் விதி செய்துகொள்ளலாம். ஆசிரியர்கள், எந்தப் பிள்ளைக்கு எப்போது, எவ்வாறு காயம் நேர்ந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வருவாராக. ஓராண்டு கழித்து அதனைப் புரட்டினால் ஊருக்கு ஊர் காரணம் தெளிவாகும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் காயமுற்றாள் என்றால், “ஏன் விளையாடினாய்?” என்று கேளாதீர்கள். “களத்தில் இறங்கு முன் எங்கள் மகளுக்குப் பயிற்சி அளித்தீர்களா?” என்று எங்களைப் போன்றோரைக் கேளுங்கள். அக்கேள்வி கேட்கப்படும் ஊரில் பயிற்சி தானே நடைபெறும்.

குடியரசு நாளிலும், தொழிலாளர் நாளிலும், விடுதலை நாளிலும், காந்தியடிகள் பிறந்த நாளிலும் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் சபையில் விளையாட்டுக் களத்தையும் பிள்ளைகளின் பயிற்சியையும் ஒரு பொருளாக எடுத்து விவாதிக்குமாறு உங்களை வேண்டிக்கொள்கிறோம். எந்தப் பிள்ளைக்குக் காயம் நேரும் என்று எவராலும் முன்கூட்டிக் கூற முடியாது. ஆதலால், எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்றாக ஓடவும், நிற்கவும், விழவும், எழவும் கற்பிப்போம். அதற்கு வேண்டுவது நாளொன்றுக்கு 20 நிமிடமும், ஊராரின் ஒன்றுபட்ட மனமுமே.